பாண்டிச்செல்வி வீட்டுச் சாவி

ஜூன் 11, செவ்வாய்

காலையில் ஸ்கூட்டி கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். தள்ளிக்கொண்டே அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் தொண்டு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அருமைநாதன் சார், தாமதத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் ஒரு புதிய கேஸை என் தலையில் கட்டினார்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு பெண் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் ஒரு தாய், ஒன்பது வயது மகளை உள்ளே வைத்துத் தாழிட்டு அடிக்கிறாளாம். தொம் தொம்மென்று சத்தம் வருகிறதாம். பிள்ளை பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லையாம். தாயின் பெயர் பாண்டிச்செல்வி. புருஷன் விட்டுப் போய்விட்டான். பூட்டுப் பட்டறைக்கு அரத்தால் சாவி ராவிக் கொடுத்துப் பிழைக்கிறாள்.

"நீங்க போய்ப் பார்த்துருவீங்களா தமயந்தி?" என்றார் சார். பார்த்துவிடுவேன் என்று தலையாட்டினேன். இதுவரை நான் பார்த்ததெல்லாம் படிப்பை நிறுத்திய பையன்களும் ஆதார் அட்டை இல்லாத குழந்தைகளும்தான். அடி விழும் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை.

எனக்கு நாய் பயம், பல்லி பயம், வங்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல்கூடப் பயம். இந்த வேலைக்கு உன்னை எப்படி எடுத்தார்கள் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 13, வியாழன்

போய்விட்டு வந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், போகப்போகக் குறுகும் சந்து. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். திண்டுக்கல்லின் இந்தப் பக்கத்துச் சந்துகளில் நடந்தால் அரம் உரசும் சத்தம் கூடவே வரும்.

புகார் சொன்ன கலாராணி பக்கத்து வீட்டுக்காரி, ஐம்பது வயதிருக்கும். நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் கையில் மோர் டம்ளரைத் திணித்துவிட்டாள்.

"நாந்தான் போன் போட்டேன்னு தெரிய வேணாந்தாயி. ஆனா கேட்டுக்கிட்டு இருக்க முடியல. கதவச் சாத்திருவாளுக. உள்ள தொம்மு தொம்முன்னு கேக்கும். பிள்ள அம்மா அம்மான்னு கத்தும். கொஞ்ச நேரத்துல கப்புனு அடங்கிரும். நான் தட்டுனா தெறக்க மாட்டாளுக. வந்து நாலு மாசந்தான் ஆச்சு, யாரு கூடயும் பேச்சு வார்த்தை கெடையாது."

பாண்டிச்செல்வி தரையில் உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான். ஒல்லி. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். மடியிலிருந்த இரும்புத் தூள் கொட்டியது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன்: "பயப்படாதீங்க. பிள்ளை பத்திரமா இருக்காளான்னு பார்க்கத்தான் வந்திருக்கேன். ஆனா இங்க அவளுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, கூட்டிட்டுப் போய் இல்லத்துல வைக்க வேண்டி வரும்." எதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது பாடம். குரல் நடுங்காமல் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவள் என்னைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தாள். அங்கே ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. "தலவலி மாத்தரை," என்று நான் கேட்காமலே சொல்லி, எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அலமாரி முழுக்கத் துணியும் டப்பாவுமாகக் கிடந்தது. பிள்ளை இருக்கிற வீடு, கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

மகள் தர்ஷிகா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் வயிற்று வலி என்றாள். எழுந்தபோது பாவாடைக்கு மேலே, அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த ஒரு சாவி தெரிந்தது. அந்த வீட்டில் சாவிக்குப் பஞ்சமில்லை, கூடை நிறையக் கிடந்தது. அவையெல்லாம் பளபளவென்று புதிது. இது என் விரல் நீளத்துக்குத் துருவேறிய பழைய இரும்புச் சாவி.

"இது என்ன சாவி?" என்றேன். பிள்ளை பாவாடையை இழுத்து மூடினாள். "சும்மா, வெளாட்டுக்கு," என்றாள் தாய்.

ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் போன எந்த வீட்டிலும் இப்படி நடந்ததில்லை. இல்லாதவர்கள்கூடப் பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கி டீ போடுவார்கள். இதில் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பார்த்ததை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 14, வெள்ளி

விடுதியில் இட்லி புளிப்பு. ஸ்கூட்டிக்குப் புது பேட்டரி. அந்தச் சாவி எதைத் திறக்கும்?

ஜூன் 18, செவ்வாய்

இன்று வருகிறேன் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டுப் போனேன். அலமாரி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. டப்பாக்கள் வரிசையாக, துணிகள் மடிப்பாக. மாத்திரை அட்டையைக்கூடக் காணோம். நாம் சொன்னதைக் கேட்டிருக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க," என்று பாராட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் அவள் உதடு கிழிந்திருந்தது. கேட்டேன். "கதவுல இடிச்சுக்கிட்டேன் மேடம்." பிள்ளை இன்றும் பள்ளிக்கூடம் போகவில்லை.

தர்ஷிகாவைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்த் தனியாகக் கேட்டேன். அம்மா அடிக்கிறாங்களா? இல்லை. உன்னை எங்கேயாவது பூட்டி வைக்கிறாங்களா? இல்லை. அப்போ அந்தச் சத்தம்? குழாயைத் திறந்து மூடினாள். பேசுகிற நேரமெல்லாம் அவள் கண் வாசலில் நின்ற தாயின் மேலேயே இருந்தது. அடி வாங்கும் பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கும் என்று படித்திருக்கிறேன். அடிப்பவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் நகர்கிறார் என்று கண்ணை எடுக்காமல்.

திரும்பி வந்ததும் பாண்டிச்செல்வி அடுப்புப் பக்கம் போனாள். பிள்ளை விழுந்தடித்து ஓடி முந்திக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். தாய் சும்மா நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அடுப்பு வேலை வாங்குகிறாள்.

கிளம்பும் முன் பூட்டுகளைப் பார்த்தேன். வாசல் கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள், வெளியே போகும்போது போட ஒரு சின்னப் பூட்டு. அந்தச் சாவி அதில் நுழையவே நுழையாது. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டே இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு இருக்கிறது, பழைய பெரிய பூட்டுத் தொங்குகிறது. "அது வீட்டுக்காரரோடது மேடம். பழைய சாமான் கெடக்கு," என்றாள். ஒரு பிள்ளை உட்கார இடம் இருக்கும் அங்கே. கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 19, புதன்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பூட்டைத் தேடாதீங்க தமயந்தி. அந்தம்மா உங்ககிட்ட பயந்து பேசறாங்களா, பயப்படாம பேசறாங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் சார் பயந்துகிட்டு இருக்கேன்," என்றேன். அவர் சிரித்தார். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மாவிடம் பேசினேன். வேலை எப்படிப் போகிறது என்றாள். நன்றாகப் போகிறது என்றேன்.

ஜூன் 27, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு ஆசிரியை நல்ல மாதிரி. தர்ஷிகா கெட்டிக்காரி, ஆனால் மதியம் சோற்றுத் தட்டைக் கழுவாமல்கூட வீட்டுக்கு ஓடிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வருகிறாள் என்றார். சில நாள் திரும்பி வருவதே இல்லையாம்.

"போன வாரம் ஒண்ணு கேட்டா மேடம். ஒரு ஆளு எவ்வளவு நேரம் மூச்சு விடாம இருந்தா செத்துருவாங்க மிஸ், அப்படின்னு."

அந்தக் குழாயடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் அந்தத் தொட்டிதான் கண்ணில் நின்றது. சிக்னலில் பச்சை விழுந்தும் நான் நகராமல் நின்றதில் பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 2, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

இன்று சொல்லாமல் போனேன். சந்துக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. கலாராணி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தொம், தொம், தொம். தரையில் எதையோ போட்டு மோதுகிற சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"தர்ஷிகா, கதவத் திற."

"போங்க மிஸ். போயிருங்க."

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. "புடிச்சுக்கம்மா, புடிச்சுக்கம்மா," என்று அழுகிற குரல் மட்டும் கேட்டது. எதைப் பிடிக்கச் சொல்கிறாள் என்று புரியவில்லை. நானும் கலாராணியும் கதவை இடித்தோம். பிறகு சத்தம் நின்றுவிட்டது. நின்றது அதைவிடப் பயமாக இருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் கதவு திறந்தது.

பிள்ளையின் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சூடு பட்டுச் சிவந்து கிடந்தது. தரையெல்லாம் கஞ்சி, பானை ஒரு மூலையில். பாண்டிச்செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு முழுக்க ஈரம். வாயோரம் ரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல் இருந்தாள். பேச முயன்றபோது நாக்குக் குழறியது.

"குடிச்சிருக்கா," என்றேன் கலாராணியிடம்.

"வாட வரலையே தாயி."

"வாடை வராதது எத்தனையோ இருக்குக்கா."

தர்ஷிகாவின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். "நாந்தான் மிஸ் பானையத் தட்டி விட்டேன். அம்மா ஒண்ணுமே செய்யல," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். சாருக்குப் போன் செய்தேன். அவசரத்தில் முதலில் யாருக்கோ போய்விட்டது.

ஜூலை 3, புதன்

குழந்தைகள் நலனைப் பார்க்கும் குழு இன்று உட்கார்ந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். விசாரணை முடியும்வரை பிள்ளை இல்லத்தில் இருக்கட்டும் என்று முடிவானது.

பாண்டிச்செல்வி சண்டை போடுவாள், காலில் விழுவாள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இரண்டும் செய்யவில்லை. "கூட்டிட்டுப் போங்க. எங்கூட இருக்கிறது அவளுக்கு நல்லதில்ல," என்றாள். பெற்றவள் இப்படிச் சொல்வாளா?

துணி எடுக்க வீட்டுக்குக் கூட்டிப் போனபோது தர்ஷிகா அந்தச் சாவியை அவிழ்த்துத் தாயின் கையில் திணித்தாள். தாய் அதை மறுபடி மகளின் இடுப்பிலேயே கட்டிவிட்டாள். "எங்கிட்ட இருந்து என்னத்தா செய்ய. நீயே வச்சுக்க." பிள்ளை வாசலில் நின்ற கலாராணி பக்கம் திரும்பி, "அத்தே, நீங்க..." என்று ஆரம்பித்தாள். "தர்ஷி," என்றாள் தாய். அத்தோடு பிள்ளை வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்காரரை வரவழைத்துத் தகரக் கதவைத் திறக்கச் சொன்னேன். அவர் தன் சாவியால் திறந்தார். உடைந்த கட்டில், பெயிண்ட் டப்பாக்கள், ஒரு சைக்கிள் சக்கரம். வேறொன்றும் இல்லை.

பிள்ளை பத்திரமாக இருக்கிறாள். நான் செய்தது சரி. அப்படியானால் இந்தப் பயம் போயிருக்க வேண்டுமே.

ஜூலை 4, வியாழன்

காலையில் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். தேன் மிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன். அவள் அதைத் தொடவில்லை.

"இது எந்தப் பூட்டுச் சாவி தர்ஷி?"

"எந்தப் பூட்டும் இல்ல மிஸ்."

"அப்ப எதுக்கு வச்சிருக்க?"

"அம்மா கைல வைக்க."

"எதுக்கு?"

"வரும்போது," என்றாள். நான் விழிப்பதைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள். "இழுக்கும்ல மிஸ். கையும் காலும் இழுத்து, தலைய தரையில போட்டு அடிச்சுக்கிரும். அப்ப இரும்ப கைல வைக்கணும். கதவச் சாத்திரணும், யாரும் பாக்கக் கூடாது. அப்புறம் தண்ணி ஊத்திரணும், பாவாடைலயே ஒண்ணுக்குப் போயிருக்கும்."

வலிப்பு. பேருந்து நிலையத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஆள் கீழே விழுவதற்குள் கூட்டம் சாவி குடு, சாவி குடு என்று கத்தும். ஒருமுறை என் ஸ்கூட்டிச் சாவியையே கொடுத்துவிட்டு நின்றிருக்கிறேன். தெருவில் போகிற யாருக்கும் தெரிந்த விஷயம். நான் மூன்று வாரமாகப் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நேத்து ராத்திரி யாரு மிஸ் குடுத்திருப்பா?" என்று கேட்டாள்.

எழுந்தேன். அவள் சாவியை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். "நீங்க குடுப்பீங்களா? வலது கை மிஸ். எடது கை மடங்கிக்கிரும், உள்ள போகாது." கொடுப்பேன் என்றேன்.

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. எல்லா வீட்டிலும் அரம் உரசிக்கொண்டிருந்தது, அந்த வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கலாராணி தன் தலையில் அடித்துக்கொண்டு பட்டறையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தாள். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

கரிந்த சோற்று வாடை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். முந்தானை பாதி கருகி, இடது கை வெந்து தோல் உரிந்திருந்தது. மூச்சு இருந்தது. நான் அடுப்பை அணைக்கும்போதே மறுபடி இழுக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம். தொம், தொம். குதிகாலும் தலையும்.

"சாவி குடு தாயி, சாவி," என்று கலாராணி கத்தினாள். முதலுதவி வகுப்பில் படித்திருக்கிறேன். இரும்பால் ஒன்றும் ஆகாது. பக்கத்திலிருப்பதை நகர்த்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். என் துப்பட்டாவைத் தலைக்கு அடியில் வைத்தேன். பிறகு வலது கையில் சாவியை வைத்தேன். கொடுப்பேன் என்று சொல்லியிருந்தேனே. அந்தக் கை அதை இறுக்கிக்கொண்டது. வலிப்பில் கை எதையும் இறுக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். இருக்கலாம்.

ஆம்புலன்ஸில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டே போனேன். வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை.

ஜூலை 5, வெள்ளி

அரசு மருத்துவமனை. கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நினைவு தெளிந்து பேசுகிறாள். டாக்டர் கேட்டார்: "மாத்திரை சாப்பிட்டுட்டுத்தானே இருந்தீங்க. எப்ப நிறுத்தினீங்க?"

பாண்டிச்செல்வி என்னைப் பார்த்தாள். "இவங்க மொத வாட்டி வந்துட்டுப் போன அன்னிக்கு."

டாக்டர் போன பிறகு, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வலிப்பு இருப்பது தெரிந்துதான் புருஷன் விட்டுவிட்டுப் போனானாம். நீ எல்லாம் பிள்ளை வளர்ப்பியா, கவர்மெண்டுல சொன்னா பிடுங்கிட்டுப் போயிருவாங்க என்று மாமனார் மிரட்டினாராம். முன்பு இருந்த தெருவில் விஷயம் தெரிந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

"நீங்க வந்து, ஆபத்துன்னா கூட்டிட்டுப் போயிருவோம்னீங்க. அட்டையப் பாத்தா கண்டுபிடிச்சிருவீங்கன்னு சாக்கடைல போட்டுட்டேன். திரும்பி வாங்கவும் போகல. ஆஸ்பத்திரியும் கவர்மெண்டு, நீங்களும் கவர்மெண்டு. மாத்தரை போட்டப்ப எப்பவாச்சுந்தான் வரும். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு வாட்டி வந்துருச்சு."

நான் அரசாங்கம் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"அடுப்புகிட்ட தர்ஷி என்னைய விடவே மாட்டா மேடம். பயந்துக்கிருவா. அதான் உங்களுக்கு ஒரு டீ கூடப் போட்டுக் குடுக்கல. தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

பிறகு கேட்டாள்: "இத எழுதுவீங்களா? எழுதுனா அவள விட மாட்டாங்களா?"

"எழுதுவேன். எழுதினாத்தான் விடுவாங்க," என்றேன். அவள் நம்பவில்லை. விடுவார்களா என்று எனக்கும் தெரியாது. அவளிடம் அதைச் சொல்லும் தைரியம் இல்லை.

ஜூலை 6, சனி

அலமாரியைச் சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று நான் பாராட்டினேன்.

ஜூலை 8, திங்கள்

சாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆபத்துன்னா கூட்டிட்டுப் போவோம்கிற அந்த வாக்கியத்தைப் பயிற்சியில உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்," என்றார்.

மாலையில் இல்லத்துக்குப் போனேன். வலது கையில்தான் கொடுத்தேன் என்று தர்ஷிகாவிடம் சொன்னேன். அவள் அன்றைக்குத்தான் முழுச் சாப்பாடு சாப்பிட்டாளாம்.

ஜூலை 10, புதன்

குழுவின் முன் நின்றேன். முன்பு நான் சொன்னது தவறு, குடி இல்லை, அடி இல்லை, என்னிடம் பயந்து மாத்திரையை நிறுத்தியதால்தான் இவ்வளவும் என்றேன்.

தலைவரம்மா நியாயமாகத்தான் கேட்டார். "வலிப்பு இருக்கிற தாய். எரியற அடுப்பு. பிள்ளைக்குக் கையில சூடு. அனுப்பினா பாதுகாப்பா இருப்பான்னு நீங்க உறுதி குடுப்பீங்களா?"

இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி அதுதான். உறுதி கொடுக்க முடியாது என்றேன். அடுத்த வலிப்பு வரும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பதை மட்டும் சொல்ல முடியும் என்றேன். சொன்னேன். மாத்திரை வாங்க மாதாமாதம் நான் கூடப் போவேன். உள்தாழ்ப்பாள் பெயர்ந்தது பெயர்ந்ததுதான், திரும்பப் போடப் போவதில்லை. அடுப்புப் பற்ற வைக்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பார்.

"எந்தப் பெரியவர்?"

கலாராணி பின்னாலிருந்து எழுந்தாள். அவளைக் கூப்பிட்டு வந்திருந்தேன், பேசுவாள் என்று நம்பவில்லை. "நாந்தாங்கம்மா. போன் போட்டதும் நாந்தான். நடுவுல ஒரு செவுரு, அதுக்கு அங்கிட்டு என்னன்னு தெரியாம இத்தன நாளு காதக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன். இனிமே சத்தம் கேட்டா உள்ள போயிருவேன். சேந்தாப்புல ஆக்கித் தின்னுக்கிறோம்."

கட்டுப் போட்ட கையோடு வந்து உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி கலாராணியைத் திரும்பிப் பார்த்தாள். போன் போட்டது யார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பிறகு தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். கலாராணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜூலை 15, திங்கள்

குழு சம்மதித்துவிட்டது, தர்ஷிகாவை வீட்டில் விட்டு வந்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தாயின் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட இடது கையை. பிறகுதான் அழுதாள்.

ஆகஸ்ட் 3, சனி

பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் திரும்பும்போது காதைத் தீட்டிக்கொண்டேன். அரம் உரசும் சத்தம், குழாயடியில் பிள்ளைகள் விளையாடும் கூச்சல். அவ்வளவுதான்.

அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை, யார் வந்தாலும் கண்ணில் படும்படி. போன வாரம் ஒருமுறை வந்ததாம். கலாராணி ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாளாம். கதவு திறந்தே இருந்ததால் குழாயடியில் நின்ற எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "பாத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன் மேடம்," என்றாள் பாண்டிச்செல்வி. வீட்டுக்காரர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்வாரோ என்று எனக்குப் பயம். அவளுக்கும்தான்.

"டீ குடிக்கிறீங்களா மேடம்?"

வேண்டாம் என்று சொல்லப் போனேன். சொல்லவில்லை. தர்ஷிகா பாயில் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். வெளியே பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தாள்.

"இரும்பு குடுத்தா நிக்காதுன்னு டாக்டர் சொன்னாங்கள்ல தர்ஷி," என்றேன்.

"தெரியும் மிஸ். இருந்தாலும் வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள். நானும் பாண்டிச்செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இங்கே குடிவந்ததிலிருந்து அவள் தெருவில் விளையாடி நான் மட்டுமல்ல, பாண்டிச்செல்வியே பார்த்ததில்லையாம்.

பாண்டிச்செல்வி அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் பால் ஊற்றும்போது கையைப் பார்த்தேன், இஞ்சி தட்டும்போது முகத்தைப் பார்த்தேன். கண் சிமிட்டினால்கூட எனக்குத் திக்கென்றது. ஒரு டீ கொதிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை தினமும் மூன்று வேளையும் இப்படித்தான் நின்றிருக்கிறாள். டம்ளரை வாங்கும்போது சாவி என் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்து கிடந்தது. டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல். முழுவதும் குடித்தேன்.

கிளம்பும்போது குழாயடிக்குப் போய்ச் சாவியை நீட்டினேன். தர்ஷிகா கல்லா மண்ணா ஆட்டத்தில் துவைக்கிற கல்மேல் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். கீழே ஒருத்தி அவளைத் தொடக் காத்திருந்தாள்.

"இந்தா தர்ஷி, சாவி. நான் கிளம்பறேன்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கலாத்தைகிட்ட குடுத்துட்டுப் போங்க மிஸ். நான் இன்னும் அவுட்டாகல."